அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை

"எல்லாரும் ஏறியாச்சோ?" என்று அப்பா கேட்டார்.

ஏற வேண்டியவர்களே அம்மாவும் நானும்தான். அம்மா பின்சீட்டில் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இல்லாத பொறுமையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே நின்று குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தார். காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "றைட்" என்றார். அதற்குப் பிறகுதான் முன்சீட்டில் ஏறினார். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. என் பெயர் சில நாள் அவருக்கு வராது. இது மட்டும் மறந்ததே இல்லை.

2007 ஒக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஜேர்மனியில், நாங்கள் இருக்கிற பீலெஃபெல்ட்டில் விடிந்தும் விடியாதது போல வானம் கிடந்தது. கீழ்வீட்டுக் குமுதினி அக்கா சன்னலைத் திறந்து, "எங்கை, குடும்பமா வெளிக்கிட்டாச்சுப் போலை?" என்று விசாரித்தார்.

"ஏரி பார்க்கப் போறம்," என்று நான் வாய் திறக்க முன்னரே அம்மா சொல்லிவிட்டார். "இவள் சுலோ கனநாளாக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவள்."

ஏரி பார்க்கத்தான் போனோம். அந்த ஏரிக்கரையில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, அப்பாவை அங்கே விட்டுவிட்டு வரப் போகிறோம் என்பதை அம்மா சொல்லவில்லை. சொன்னால் பின்னேரத்துக்குள் பீலெஃபெல்ட் தமிழ்ச்சனம் முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து உச்சுக்கொட்டும். முதலில் இரண்டு கிழமை பார்ப்பதற்கு, ஒத்துப்போனால் நிரந்தரமாக. இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அங்கே இடம் ஒருவருக்கு மட்டும்.

நான் மறைக்கவில்லை. அம்மா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. "அம்மா, ஏரிக்கரையிலை ஒரு இடம் இருக்கு, அங்கை தமிழ்ப்பிள்ளை ஒண்டு வேலை செய்யுது, அப்பாவை வடிவாப் பார்ப்பினம்" என்று சொன்னபோது, அம்மா "ஓம், போவம்" என்றார். அந்தப் 'போவம்' எனக்கு அப்போதே தொண்டையில் மாட்டியது. ஆனால் நான் விழுங்கிவிட்டேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பவர்கள் ஒரு கிழமை எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும். நான் கேக் செய்கிற தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்கிறேன். கல்யாணம் செய்தவன் எப்போதோ தன் பாட்டுக்குப் போய்விட்டான். அப்பா விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். அம்மா செருப்பும் இல்லாமல் பின்னால் ஓடுவார். பொலிஸ் இரண்டு தரம் கூட்டிவந்து விட்டது. கடைசித் தரம், நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஏறுகிற வளைவில் நின்று, லொறிகளைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

பீலெஃபெல்ட்டிலும் இல்லங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பாவுக்கு வந்திருந்த கொஞ்ச ஜேர்மன் மொழிதான் முதலில் அவரை விட்டுப் போனது. தண்ணீர் என்று கேட்டால் விளங்குவதற்கு ஒரு ஆளாவது வேண்டாமா? விசாரித்துக்கொண்டே போனதில்தான் பிளோறன்ஸ் அகப்பட்டாள். யாழ்ப்பாணத்துப் பாஷையூர்ப் பிள்ளை. வயதானவர்களைப் பராமரிக்கப் படித்துவிட்டு, ஸ்டைன்ஹூடர் ஏரிக்கரையில் இருக்கிற அந்த இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஒருத்திக்காகத்தான் இவ்வளவு தூரம்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை தூறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. ஜேர்மன்காரர் அதைப் பார்க்கவென்றே காரை எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது பழுத்து விழப்போகிற இலையாகத்தான் தெரிந்தது. அப்பா கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு பெயர்ப்பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீர்வேலி தாண்டீட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம், தாண்டீட்டுது," என்று பின்னாலிருந்து அம்மா சொன்னார். "நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ. இடம் வந்தால் நான் சொல்லுறன்."

அம்மாவிடம் இதுதான். அப்பா எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரில் அம்மாவும் போய் இருந்துவிடுவார். நான்தான், "அப்பா, இது ஜேர்மனி" என்று ஒவ்வொரு தரமும் கத்தி, அவரையும் குழப்பி, என் தலையிடியையும் கூட்டிக்கொள்வேன்.

வழியில் ஒரு மலையடியைக் கடக்கும்போது கொலோனிலிருந்து அண்ணா தொலைபேசியில் வந்தான். சிறீதரன். பெற்றோர் விடயத்தில் அவனைப் போல நல்ல யோசனை சொல்ல ஆளில்லை. செய்வதற்குத்தான் ஆளில்லை.

"சுலோ, அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"கார் ஓடுறன் அண்ணா."

"பக்குவமாச் சொல்லு. அதிரடியாச் சொல்லிப்போடாதை. நீ சும்மாவே கோவக்காரி."

"நீயே வந்து பக்குவமாச் சொல்லன்."

"எனக்கு லீவு இல்லையெண்டு உனக்குத் தெரியுந்தானே. எதெண்டாலும் நீ பார்த்துச் செய். நீ செய்தால் எனக்குச் சம்மதம்."

அவனுடைய சம்மதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தொலைபேசியை அம்மாவின் மடியில் எறிந்தேன். அம்மா அதை எடுத்து, "தம்பி, சாப்பிட்டியோ?" என்று கேட்டு, அவன் சாப்பிட்டான் என்று தெரிந்ததும் சந்தோஷமாக வைத்துவிட்டார்.

அம்மா அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை, அம்மா சொல்வதைக் கேட்டால். அண்ணா சோதனையில் பெயிலானபோது அவனுக்குக் காய்ச்சல். என் புருஷன் போனபோது அவருக்கு வேறு நகரத்தில் வேலை. அப்பாவுக்கு மறதி தொடங்கியபோது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வீட்டுக்குள் என்ன நாறினாலும் வெளியே ஊதுபத்தி வாசம்தான் போக வேண்டும்.

இந்தக் குணத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கே முதியோர் இல்லத்தில் சேர வேண்டுமானால், பராமரிப்பு எவ்வளவு தேவை என்று காப்புறுதிக்காரர் பார்த்து, முதலாம் இரண்டாம் என்று ஒரு தரம் கொடுக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு இளவேனில் காலத்தில் ஒரு அம்மணி வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் அம்மா சும்மா இருப்பாரா? அப்பாவைக் காலையிலேயே தோயவார்த்து, முகம் மழித்து, அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, மாப்பிள்ளை மாதிரி சோபாவில் இருத்தி வைத்திருந்தார். மேசையில் வடை, கேசரி.

தானாகச் சாப்பிடுவாரா என்று அந்த அம்மணி கேட்டார். "ஓம், சாப்பிடுவார்," என்றார் அம்மா. தானாக உடுப்புப் போடுவாரா? "ஓம், போடுவார்." நான் உண்மையைச் சொல்லப் போனால் அம்மா தமிழில் என்னை அதட்டினார். "வந்த மனிசிக்கு முன்னாலை அப்பாவை அவமானப்படுத்தாதை." போதாக்குறைக்கு அப்பா எழும்பி நின்று, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரைக்கும் ஒரு தரிப்பு விடாமல் வரிசையாகச் சொல்லி முடித்தார். அந்த அம்மணி கை தட்டினார். தரம் கிடைக்கவில்லை.

பிறகு லொறி மறித்த கதை நடந்து, பொலிஸ் அறிக்கையோடு நான் திரும்ப விண்ணப்பித்தேன். இரண்டாம் முறை ஆள் வந்தபோது அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். அப்பா மழிக்காத முகத்தோடு, சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு, வந்தவரிடம் டிக்கெட் கேட்டார். தரம் கிடைத்தது. கோயிலால் வந்து விடயம் கேட்ட அம்மா, "அப்ப குறை இருக்கெண்டு காட்டினால்தான் தருவினமோ? நல்ல நாடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஏரி வந்தது. பெரிய ஏரிதான், மறுகரை தெரியவில்லை. மழையும் நீரும் ஒரே சாம்பல் நிறம். கோடையில் படகு விடுகிறவர்கள் எல்லாம் போய், பாய்மரம் இல்லாத கம்பங்கள் மட்டும் துறையில் நின்று ஆடின. புகையில் சுட்ட விலாங்கு மீன் விற்கிற கடைகள் பாதி பூட்டியிருந்தன.

"கனக்க ஆழமோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை. கனதூரத்துக்கு இடுப்பளவுதான் எண்டு சொல்லுறவை."

"பயமில்லை அப்ப. இவர் இறங்கினாலும் நான் பிடிச்சு ஏத்துவன்," என்றார் அம்மா.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இல்லத்தின் வாசலில் பிளோறன்ஸ் குடையோடு நிற்பது தெரிந்தது. நான் காரை நிறுத்தினேன்.

பிளோறன்ஸ் நல்ல பிள்ளை. "வாங்கோ ஐயா, உங்கடை பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்," என்று அப்பாவின் கையைப் பிடித்தாள். அப்பாவும் அவளோடு சிரித்துக்கொண்டு நடந்தார். அம்மா காரின் பின்பக்கத்திலிருந்து தன் பெரிய கட்டம்போட்ட பையை எடுத்தார். சாப்பாட்டுப் பை என்று நினைத்து நான் வாங்கப் போனேன். தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

அறை துப்புரவாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு நாற்காலி, சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். அம்மா சுற்றிப் பார்த்தார். பிறகு பையைக் கட்டிலில் வைத்துத் திறந்தார். மேலே ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணிப் போத்தலும். அதற்குக் கீழே அப்பாவின் உடுப்புகள். அதற்கும் கீழே அம்மாவின் சேலைகள், இரவில் உடுத்துகிற சட்டை, மருந்துப் பெட்டி. அடியில், பிரிக்காத உப்புப் பைக்கற்று ஒன்றும் ஒரு துண்டு மஞ்சளும். புதுவீட்டுக்குள் போகும்போது முதலில் கொண்டுபோக வேண்டியவை. அம்மா அவற்றை எடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, "மற்றக் கட்டில் எப்ப கொண்டுவந்து போடுவினம்?" என்று பிளோறன்ஸிடம் கேட்டார்.

பிளோறன்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அலுமாரியைப் பார்த்தேன்.

"அம்மா," என்றாள் பிளோறன்ஸ், "இந்த அறை ஒராளுக்குத்தான்."

"ஓம், சின்ன அறைதான். எங்களுக்குக் காணும்."

வேறு வழியில்லை, நான்தான் சொன்னேன். அண்ணா சொன்ன பக்குவமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. "அம்மா, அப்பாவுக்கு மட்டுந்தான் இடம். உங்களுக்கு இல்லை. நீங்கள் என்னோடை வீட்டை வாறியள்." அவ்வளவுதான் வந்தது.

அம்மா கட்டிலில் இருந்தார். அழவில்லை. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இவர் இரவிலை எழும்பி என்னைத்தானே தேடுவார்," என்று மட்டும் சொன்னார், ஏதோ நாங்கள் இருவரும் யோசிக்காமல் விட்ட சின்ன விடயத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி.

அந்த நேரம் இல்லத்தின் நிர்வாகி, பிறாவ் கெஸ்லர் என்கிற அம்மணி, கைகொடுக்க வந்தார். நிலைமையைக் கண்டு என்னிடம் விளக்கினார். ஏரிப்பக்கமாக இரண்டு கட்டில் போட்ட அறை ஒன்று தம்பதிகளுக்கென்றே இருக்கிறது. காலியாகவும் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் தரம் இருந்தால்தான் கொடுக்கலாம். உங்கள் தாயார் நல்ல ஆரோக்கியமாகத் தெரிகிறார், அது சந்தோஷமான விடயந்தானே, என்றார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன், சந்தோஷத்தை விட்டுவிட்டு.

மழை விட்டிருந்தது. சாப்பாட்டைப் பையோடு எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வாங்கு ஒன்றில் போய் இருந்தோம். வாங்கு ஈரம். அம்மா ஒரு பொலித்தீன் பையை விரித்து அப்பாவை இருத்தி, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து அவர் வாயில் வைத்தார். அப்பா நன்றாகச் சாப்பிட்டார். வாத்துகள் வந்து காலடியில் நின்றன. அப்பா டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு துண்டைப் பிய்த்து அவற்றுக்குப் போட்டு, "மிச்சக் காசு பேந்து தாறன்" என்றார். அம்மா சிரித்தார். நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"பிள்ளை," என்றார் அம்மா, ஏரியைப் பார்த்தபடி. "மறதி எண்டால் தருவினமோ?"

"என்னத்தை?"

"அந்தத் தரத்தை."

"மறதியும் ஒரு காரணந்தான். ஆனா உங்களுக்கு என்ன மறதி? நான் மூண்டாம் வகுப்பிலை உடைச்ச கோப்பைக்கு நீங்கள் இப்பவும் ஏசுறியள்."

அம்மா அப்பாவின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு ரொட்டிச் சட்டியை மூடினார். எழும்பும்போது பையை வாங்கிலேயே விட்டுவிட்டு நடந்தார். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "உது ஆற்றை பை?" என்றார், யாருடையதோ என்கிற மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

அலுவலக அறையில் கையெழுத்துப் போட இருந்தபோதுதான் விளங்கியது. பிறாவ் கெஸ்லர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அம்மா என் பக்கத்தில். பிளோறன்ஸ் கதவோரம் அப்பாவோடு நின்றாள். பிறாவ் கெஸ்லர் மரியாதைக்காக அம்மாவின் பக்கம் திரும்பி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். அவ்வளவு ஜேர்மன் அம்மாவுக்கு விளங்கும். பெயரைச் சொல்லவும் தெரியும்.

அம்மா என்னைப் பார்த்து, "என்ன கேக்கிறா? எனக்குத் தெரியாது," என்றார் தமிழில்.

"அம்மா, பேரைக் கேக்கிறா."

"தெரியாது. மறந்துபோச்சு."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தை ஒரு மாதிரி நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து, அப்பா இருக்கிற மாதிரியே இருந்தார். வாழ்நாள் முழுக்க இல்லாத நிறைவை இருக்கிறது என்று பொய் சொன்ன மனிசி. இல்லாத குறையை இருக்கிறது என்று சொல்வது இதுதான் முதல் தடவை. அதனால் வரவில்லை. பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

மொழிபெயர்க்க வேண்டியவள் நான். "தாயாருக்கு இப்போது பெயர் ஞாபகம் வரவில்லை," என்றேன் ஜேர்மனில். தமிழ் தெரிந்த பிளோறன்ஸ் கதவோரம் நிற்கிறாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை பிள்ளைகள் என்று பிறாவ் கெஸ்லர் கேட்டார். நான் கேட்டேன். "தெரியாது." நான் மொழிபெயர்த்தேன். பிறாவ் கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக என்னைச் சுட்டிக் காட்டினார். இவர் யார்?

அம்மா என் பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய நீட்டிய முகம் அப்படியே கலைந்து பழைய முகம் ஆகியது.

"என்ரை மகள். சுலோஜனா," என்றார். "பாவம். வேலைக்கும் போய் எங்களையும் பார்க்கிறாள்."

"ஞாபகம் இல்லை என்கிறார்," என்றேன் நான்.

பிறாவ் கெஸ்லரின் முன்னால் இருந்த தாளில் என் பெயர் பெரிதாக இருந்தது. சுலோஜனா என்பது எந்த மொழியில் சொன்னாலும் சுலோஜனாதான். அவர் கெட்ட மனிசி அல்ல. தாளை மூடினார். "நீங்கள் தாயாருக்கும் விண்ணப்பிக்கலாம்," என்றார். "ஆனால் ஒன்று. இப்போதெல்லாம் பார்க்க வருகிறவர்கள் தங்கள் மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே கூட்டிவருகிறார்கள். குடும்பத்தாரை விடுவதில்லை." சொல்லிவிட்டு என் கையை ஒரு தரம் தொட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது மூன்று மணிதான், ஆனால் மழை மூட்டத்தில் மம்மல் இருட்டாகியிருந்தது. பிளோறன்ஸ் அப்பாவைக் கார் வரைக்கும் கூட்டிவந்தாள். அம்மா அவருடைய சேட்டுக் கொலரைச் சரி செய்து, மேல் பொத்தானைப் பூட்டினார். "குளிருது, உள்ளை போங்கோ," என்றார். "நான் இஞ்சை கிட்டத்தான் நிக்கிறன்." பிறகு முன்சீட்டில், அப்பாவின் இடத்தில், ஏறி இருந்தார்.

அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். "எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம்," என்றார் அம்மா. "ஏறியாச்சு."

அப்பா கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "றைட்."

தட்டிவிட்டு, ஏறுவதற்காகப் பின்கதவைத் தேடினார். பிளோறன்ஸ் அவருடைய தோளில் கை போட்டு, "ஐயா, நாங்கள் அடுத்த பஸ்ஸிலை போவம், வாங்கோ," என்றாள். "அடுத்த பஸ்ஸோ?" என்று அவர் கேட்டது மூடின கண்ணாடிக்கு வெளியே கேட்டது. இரண்டு தட்டு விழுந்துவிட்டதே, நான் போகத்தானே வேண்டும். போனேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. அம்மாவும் திரும்பவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு வெடித்துவிட்டேன். வாகனம் ஓடிக்கொண்டு கத்த ஏலாது என்று, மழைக்குள் ஒரு தரிப்பிடத்தில் இறக்கி நிறுத்திவிட்டே கத்தினேன்.

"என்ன அம்மா வேலை பார்த்தனீங்கள்? நான் அந்த மனிசிக்கு முன்னாலை பொய்க்காரியாப் போனன். செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்ய வேணும். பேர் தெரியாது, பிள்ளையள் எத்தினை எண்டு தெரியாது, நான் ஆரெண்டு மட்டும் தெரியுமோ?"

"எப்பிடியடி சொல்லுறது?" என்றார் அம்மா.

"மற்றதைச் சொன்ன மாதிரித்தான்."

"மற்றது வேறை. என்ரை பேர்தானே, போனாப் போகட்டும். பெத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஆரெண்டு தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாய் வரேல்லை."

மழை கூரையில் கொட்டியது. பக்கத்தில் ஒரு போலந்து லொறி திரைபோட்டுக்கொண்டு நின்றது. அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்தார். அந்தச் சின்ன உருவம் அப்பாவின் சீட்டில் பாதிகூட நிரம்பவில்லை. அங்கே அப்பா இந்நேரம் கதவுகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருப்பார். பிளோறன்ஸின் வேலை முடிந்திருக்கும். இரவில் அவர் அம்மாவின் பெயரைச் சொல்லி, "கமலம், கமலம்" என்று கூப்பிட்டால் அந்தக் கட்டிடத்தில் அது என்னவென்று விளங்க ஆளில்லை.

என் கோபம் எங்கேயோ போய்விட்டது. அது இருந்திருந்தால் நல்லம்.

"சரி," என்றேன். "ஆள் வரேக்கை நான் பக்கத்திலை இருந்து மாத்திச் சொல்ல ஏலாது. நீங்கள்தான் சொல்ல வேணும். இப்ப பழகுவம். உங்கடை பேர் என்ன?"

அம்மா என்னைப் பார்த்தார். "தெரியாது."

"உடனை சொல்லாதேங்கோ. யோசிக்கிற மாதிரிக் கொஞ்சம் இருந்துபோட்டுச் சொல்லுங்கோ. பேர் என்ன?"

அம்மா யோசித்தார். "தெரியாது."

"எத்தினை பிள்ளையள்?"

"தெரியாது."

நான் என் நெஞ்சில் கை வைத்தேன். "இவ ஆர்?"

வாயைத் திறந்தார். மூடினார். தலையை ஆட்டினார். "வேண்டாம் சுலோ."

"அம்மா, இதைத்தான் முதல் கேப்பினம். இதைச் சொல்லாட்டி நீங்கள் என்னோடை, அப்பா அங்கை. அவ்வளவுதான். உங்களுக்கு எது வேணும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அம்மாவுக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெகுநேரம் முன்கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"திருப்பிக் கேள்," என்றார்.

"இவ ஆர்?"

அம்மா முழுதாக என் பக்கம் திரும்பினார். என் காய்ச்சலை, என் பொய்யை, நான் பசி கிடந்ததை எல்லாம் நான் சொல்லாமலே கண்டுபிடிக்கிற கண். அது என் முகத்தில் வந்து நின்றது. பஸ் தரிப்பிடத்தில் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி நின்றது. ஒன்றுமே இல்லை அதில். கொஞ்ச நேரம் யோசித்தார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"தெரியாது," என்றார்.

"ஓம். அதுதான். அப்பிடியே சொல்லுங்கோ," என்றேன். காரைக் கிளப்பத் திறப்பைத் திருப்பப் போன கை திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதேன்.

முதுகில் அம்மாவின் கை வந்தது. தடவிக்கொண்டே இருந்தது.

"அழாதை பிள்ளை," என்றார். "அந்த ஆள் வாற அண்டைக்கு நீ வேலைக்குப் போயிடு. வீட்டிலை நிக்காதை. உன்னைக் கண்டால் எனக்குச் சொல்ல வராது."